தஞ்சைப் பக்கம் டவுன் பஸ்ஸில்: பயணக் குறிப்புகள்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு: தஞ்சாவூர், திருவையாறு

தை முடிந்து மாசி பிறக்கப் போகும் வாரம். காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் பனி இன்னும் விலகவில்லை. டீக்கடையில் பாய்லர் ஆவியும் பனியும் சேர்ந்து, எதிரே நிற்கும் பஸ்ஸின் பலகை தெரியாமல் இருந்தது. ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் திருவையாறு பஸ்ஸைக் கண்டுபிடித்தேன்.

இந்தப் பயணத்தில் முடிந்தவரை டவுன் பஸ்ஸிலேயே போவது என்று முடிவு செய்திருந்தேன். சென்னையில் நான் வேலைக்குப் போவது மெட்ரோ ரயிலில். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்று 2021 மே மாதம் அரசு ஆணையிட்டது எனக்குச் செய்தித்தாளில் படித்த விஷயமாகவே இருந்துவந்தது. அதை நம்பி அன்றாடம் பஸ் ஏறுகிறவர்களோடு சில நாட்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

பஸ் கிளம்பும்போதே நிற்க இடமில்லை. பாதிக்கு மேல் பெண்கள். கீரைக்கட்டு, காலிக் கூடை, வாளிக்குள் துணிமூட்டை. என் பையை முன்பின் தெரியாத ஒரு அம்மா கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நடத்துநர் ஒவ்வொருவருக்கும் இயந்திரத்தில் சீட்டு அடித்துக் கொடுத்தபடி வந்தார். "எனக்கு எதுக்கய்யா சீட்டு, காசா கொடுத்தேன்?" என்று ஒரு ஆயா கையை நீட்ட மறுத்தார். "வாங்கிக்கொள்ளுங்கள் ஆயா, நீங்கள் ஏறியதற்கு இதுதான் கணக்கு" என்று அவர் பொறுமையாகச் சொன்னார். ஆயா அதைச் சுருக்குப் பைக்குள் நான்காக மடித்து வைத்தார்.

நடத்துநர் சொன்னது சரி. எத்தனை பெண்கள் பயணம் செய்தார்கள் என்பது அந்தச் சீட்டிலிருந்துதான் தெரியவருகிறது. அந்தப் பயணங்களுக்கான தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு மானியமாகத் தருகிறது. முதல் ஆணையிலேயே ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அடுத்த மாதமே திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய உதவியாளருக்கும் சலுகை விரிந்தது.

திருவையாறு போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஆறுகள் வரிசையாக வந்தன. கடைசியில் காவிரி. மேட்டூர் அணை ஜனவரி 28-ம் தேதியோடு மூடுவது வழக்கம் என்பதால் நீர் ஒடுங்கி, மணல் திட்டுகள் வெளியே தெரிந்தன. வயல்களில் சம்பா அறுவடை. சில இடங்களில் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து முளைத்துப் பச்சை கட்டியிருந்தது.

திருவையாற்றில் அசோகா சாப்பிட்டேன். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யும் சேர்ந்த அந்த இனிப்பை வாழை இலைத் துண்டில் சூடாக வைத்துக் கொடுத்தார்கள். முப்பது ரூபாய். விரலில் ஒட்டிய நெய் மாலைவரை போகவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்: காவிரிக் கரையோடு கும்பகோணம்

திருவையாற்றிலிருந்து கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம் போகும் சாலை அழகானது. ஒரு பக்கம் மூங்கிலும் வாழையும், மறுபக்கம் ஆறு. இடையில் ஒரு சிற்றூரில் இறங்கிக் கோயில் பார்த்துவிட்டு மறுபடி நிறுத்தத்துக்கு வந்தேன்.

அங்கே பெண்கள் சிலர் காத்திருந்தார்கள். ஒரு அரசுப் பஸ் வந்து நின்றது. எல்லோரும் படியை நோக்கி ஓடி, முன்கண்ணாடியைப் பார்த்துவிட்டு அப்படியே பின்வாங்கினார்கள். அது புறநகர்ப் பஸ். சலுகை சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு மட்டும். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி மட்டும் ஒரு காலைப் படியில் வைத்து, கையில் இருந்த சில்லறையைப் பார்த்து, பிறகு காலை எடுத்துவிட்டாள். பஸ் போய்விட்டது. "அடுத்தது எப்போது?" என்று கேட்டேன். "வரும் அக்கா, முக்கால் மணி நேரத்தில்" என்றாள். அவள் போக வேண்டியது அரசு மருத்துவமனைக்கு; குழந்தைக்குக் காய்ச்சல்.

நானும் அவளோடு காத்திருந்தேன். வெயில் ஏறிவிட்டது. நிழற்குடையின் கூரையில் பாதி தகரம் இல்லை. குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டு மூடியபடியே இருந்தாள். முக்கால் மணி என்றது ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. வந்த பஸ்ஸில் ஏறியதும் இரண்டு பேர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள்.

இந்தச் சலுகையால் பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார்கள் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அதை நம்புகிறேன். அதன் மதிப்பை அந்தப் பஸ்ஸிலேயே பார்த்தேன். ஆனால் நிறுத்தத்தில் கழியும் நேரத்துக்குக் கணக்கு எழுதுகிறவர் யாருமில்லை. காசு கொடுக்க முடிந்தவள் முதல் பஸ்ஸில் போகிறாள். முடியாதவள் காய்ச்சல் குழந்தையோடு நிற்கிறாள். ஒரே சாலையில் ஓடும் அரசுப் பஸ்களுக்குள் ஏன் இந்த வேறுபாடு? குறைந்த தூரம் போகிறவர்களை எந்த அரசுப் பஸ்ஸிலும் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்ள வழி செய்தால் அந்த ஒரு மணி நேரம் மிஞ்சும். கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய சக்தித் திட்டத்தில் ஊர் விட்டு ஊர் போகும் சாதாரணப் பஸ்களும் சேர்ந்திருக்கின்றன. அங்கே முடிவது இங்கே முடியாதா?

இரவு கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா கொடுத்தார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பும் மணக்க, இரண்டு முறை கேட்டு வாங்கினேன். பரிமாறியவர் முகம் சுளிக்காமல் மூன்றாம் முறையும் வாளியோடு வந்து நின்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்: தைப்பூசம், சுவாமிமலை

அரசு விடுமுறை. கும்பகோணம் முழுவதும் மஞ்சள் வேட்டியும் பால்குடமும். சுவாமிமலைக்குச் சிறப்புப் பஸ்கள் விட்டிருந்தார்கள். நேற்று ஒரு மணி நேரம் காத்திருந்த எனக்கு, இன்று ஒரு பஸ் நகரும் முன்பே அடுத்தது பின்னால் வந்து நின்றது ஆச்சரியமாக இருந்தது. ஒலிபெருக்கியில் வழி சொன்னார்கள். வரிசையை ஒழுங்குபடுத்த ஆட்கள் நின்றார்கள். ஆக, வேண்டும் என்று நினைத்தால் நடக்கிறது.

தமிழ் ஆண்டுகளின் பெயர் கொண்ட அறுபது படிகளையும் கூட்டம்தான் தூக்கிக்கொண்டு போனது. சந்நிதியில் நின்றது சில நொடி. இறங்கி வந்து மோர் குடித்தேன். காசு வாங்கவில்லை, யாரோ நேர்ந்துகொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். சிறு வயதில் இந்தப் பக்கம் ஓடிய ராமன் அண்டு ராமன் பஸ்களைப் பற்றிச் சொன்னார். "வண்டி பளபளவென்று இருக்கும் அம்மா. ஆனால் கூட்டம் சேர்ந்தால்தான் எடுப்பான். 1972-ல் அரசு எடுத்துக்கொண்ட பிறகுதான் எங்கள் ஊருக்குள் பஸ் வந்தது. நான்கு பேர் இருந்தாலும் வரும்." அந்த நாளில் சோழன், பாண்டியன், சேரன், பல்லவன் என்று பெயர் வைத்துத் தொடங்கிய கழகங்கள்தான் 1997-ல் பெயர் மாறி, இன்று எட்டுக் கழகங்களாக ஏறத்தாழ 20,000 பஸ்களை ஓட்டுகின்றன. நான்கு பேருக்காகவும் ஊருக்குள் வரும் பஸ் என்று அவர் சொன்னதை நான் பலமுறை நினைத்துக்கொண்டேன். பொதுப் போக்குவரத்து எதற்காக என்று கேட்டால் இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

முன் இருக்கையில் இருந்த ஒருவர் திரும்பி, "பெண்களுக்கு எல்லாம் சும்மா, எங்களுக்கு மட்டும் டிக்கெட்டா?" என்று சலித்துக்கொண்டார். பெரியவர் விடவில்லை. "உன் டிக்கெட்டும் பாதி சும்மாதான் தம்பி" என்றார். உண்மைதான். கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். அப்போது டீசல் லிட்டர் எழுபது ரூபாய்க்குள் இருந்தது, இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் பாஸுக்கும் அரசுதான் பணம் தருகிறது. பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் அரசின் துணையோடுதான் போகிறோம். இதில் பெண்களை மட்டும் தனியே சுட்டிக்காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. நானும் அவரிடம் அதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, இறங்கும்போது தலையசைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 12, புதன்: நாச்சியார்கோயில், பிறகு ஒரு கிராமம்

காலையில் நாச்சியார்கோயில். கல் கருடனைத் தரிசித்துவிட்டு, குத்துவிளக்கு செய்யும் பட்டறை ஒன்றில் சிறிது நேரம் நின்றேன். கடைசல் இயந்திரத்தில் பித்தளைச் சுருள்கள் பூப்போல உதிர்ந்தன. சாணளவு விளக்கு ஒன்று வாங்கினேன், 850 ரூபாய்.

மத்தியானம் அங்கிருந்து பஸ் மாறி ஒரு கிராமத்துக்குப் போனேன். வயல்களுக்கு நடுவே பழைய சிவன் கோயில் இருக்கிறது என்று விடுதியில் சொல்லியிருந்தார்கள். ஊரின் பெயரை எழுதவில்லை. என்னிடம் மனம்விட்டுப் பேசிய பெண்களுக்கு அதனால் தொல்லை வரக்கூடாது.

கோயில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த குருக்கள் சைக்கிளில் வந்து திறந்துவிட்டு, பிரகாரத்தில் விளைந்த எலுமிச்சம்பழம் இரண்டைக் கையில் கொடுத்தார். எல்லாம் முடிந்து ஆறரைக்கெல்லாம் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். கடைசி பஸ் 7:10-க்கு டவுனிலிருந்து வந்து, உடனே திரும்பும் என்றார்கள்.

நிறுத்தம் என்றால் ஒரு புளியமரமும் சிமென்ட் திண்ணையும்தான். தெருவிளக்கு எரிந்தது. அங்கே ஒரு அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவர் பஸ் ஏற வரவில்லை. டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் மகளை எதிர்பார்த்து வந்திருந்தார். 7:10 ஆனது, ஏழரை ஆனது. கொசு மொய்த்தது. அறுவடை இயந்திரம் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து போனது. வைக்கோல் தூசியில் எனக்கு இருமல் வந்து நிற்கவில்லை.

எட்டு மணிக்கு அந்த அம்மா எழுந்தார். "இன்றைக்கும் டிரிப்பை வெட்டிவிட்டார்கள்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. மாதத்தில் நான்கைந்து நாள் இப்படி ஆகிறதாம். முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. டவுனில் நிற்கிறவர்களும் வரும் வரும் என்று நின்று, பிறகு பிரதான சாலையில் போகும் ஏதாவது ஒரு பஸ்ஸைப் பிடித்து விலக்கில் இறங்கி நடக்கிறார்கள். அங்கிருந்து ஊருக்கு நான்கு கிலோமீட்டர். வழியில் விளக்கு கிடையாது. ஒரு சுடுகாடும் ஒரு டாஸ்மாக் கடையும் உண்டு.

நான் திகைத்து நிற்பதைப் பார்த்து, "நீ வா தங்கச்சி, சாப்பிட்டுவிட்டு யோசிப்போம்" என்று என் விளக்குப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். சோறு, சுண்டைக்காய் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். நான் சாப்பிட்டேன், அவர் சாப்பிடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு ஐம்பதுக்கு மூன்று பெண்கள் கைபேசி வெளிச்சத்தில் தெருமுனையில் தெரிந்தார்கள். மகள் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள். நாள் முழுவதும் கடையில் உட்கார விடாமல் நின்ற கால். "ஆட்டோக்காரர் மூன்று பேருக்கும் சேர்த்து முந்நூறு கேட்டார் அக்கா. ஆளுக்கு நூறு. எனக்கு ஒரு நாள் கூலியே முந்நூற்று ஐம்பது" என்றாள்.

நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். மாதத்தில் நான்கைந்து முறை ஆட்டோவுக்கு நூறு ரூபாய் என்றால், கட்டணமில்லாப் பயணம் மிச்சப்படுத்துவதில் பாதி போய்விடும். அதனால்தான் நடக்கிறார்கள். போன வருடம் இவளோடு வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை, இப்படி ஒரு இரவுக்குப் பிறகு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று விளக்கிச் சொல்ல யாரும் விரும்பவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் இப்போது வீட்டில் பூக்கட்டுகிறாள்.

பகலில் இந்த ஊருக்குத் தனியார் மினி பஸ் ஒன்று வருகிறது. அதில் பெண்களும் பத்து ரூபாய் கொடுத்துத்தான் போக வேண்டும், இருட்டிய பிறகு அது வராது. புதிய மினி பஸ் திட்டம் ஒன்றை அரசு அறிவித்திருக்கிறது என்று சொன்னேன். "வரட்டும் அக்கா. ஆனால் அதுவும் ராத்திரி வருமா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அவளுடைய தம்பி என்னை டிவிஎஸ் வண்டியில் பிரதான சாலைவரை கொண்டுவந்து விட்டான். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பெட்ரோலுக்குக் காசு கொடுத்தபோது பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான், வாங்கவே இல்லை. பத்தரைக்கு ஒரு புறநகர்ப் பஸ் கிடைத்தது.

பிப்ரவரி 13, வியாழன்: மாசி முதல் நாள், பணிமனை

இன்று ஊர் திரும்ப வேண்டியது. மாலை ரயில்தான் என்பதால், காலையில் 8:15 பஸ்ஸில் வேலைக்கு வந்த அந்தப் பெண்களைப் பேருந்து நிலையத்தில் சந்தித்தேன். நேற்றிரவே பேசி வைத்திருந்தோம். மனுவை நான் கையால் எழுதினேன். பஸ்ஸிலேயே தாளைச் சுற்றவிட்டுக் கையெழுத்து வாங்கி வந்திருந்தார்கள். கைநாட்டும் சில இருந்தன. கேட்டது மூன்று. இரவு 7:10 டிரிப்பை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக்கூடாது. தவிர்க்க முடியாமல் வெட்டினால் மாலை ஐந்து மணிக்குள் பேருந்து நிலையப் பலகையில் எழுதிப் போட வேண்டும். அப்படிப்பட்ட நாளில் விலக்கைக் கடக்கும் புறநகர்ப் பஸ் ஒன்றை ஊருக்குள் வந்து போகச் சொல்ல வேண்டும்.

பணிமனையில் எங்களை வெளியே நிறுத்தவில்லை. மேலாளர் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, முழுவதையும் படித்தார். நல்ல மனிதர், களைத்த மனிதர். அவர் மறைக்காமல் சொன்னதால்தான் விஷயம் எனக்கு விளங்கியது. ஓய்வுபெற்றவர்களின் இடத்துக்கு ஓட்டுநர்கள் வரவில்லை. நெடுந்தூர வண்டிக்கு ஓட்டுநர் விடுப்பு எடுத்தால், இருப்பவரை எங்கிருந்தாவது இழுக்க வேண்டும். கலெக்‌ஷன் வரும் வண்டியை நிறுத்தினால் மேலிருந்து கேள்வி வரும். கிராமத்து டவுன் பஸ்ஸை நிறுத்தினால் யாரும் கேட்பதில்லை. "அதில் பணம் கொடுக்கிறவர்கள் ஐந்தாறு பேர்தானம்மா" என்றார்.

2024 ஜனவரியில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது காலிப் பணியிடங்களை நிரப்பச் சொன்னதும் கோரிக்கைகளில் ஒன்று. அப்போது பஸ் ஓடவில்லையே என்று எரிச்சல்பட்டவர்களில் பலர் அந்தக் கோரிக்கையைக் காதில் வாங்கவில்லை. அந்தக் காலியிடத்தின் மறுமுனையில்தான் இந்தப் பெண்கள் இருட்டில் நடக்கிறார்கள்.

எனக்குத் தோன்றியதை மேலாளரிடமே சொன்னேன். அரசு தரும் மானியம் சீட்டுக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. ஓடிய டிரிப்பைக் கணக்கிட்டுத் தர வேண்டும், வெட்டிய டிரிப்புக்குப் பிடித்தம் செய்ய வேண்டும். அப்படி இருந்தால் ஐந்தாறு பேர் பணம் கொடுக்கும் பஸ்ஸும் பணிமனைக்குச் சுமையாக இருக்காது. முதலில் வெட்ட வேண்டியது அதுதான் என்ற நிலையும் மாறும். கூடவே ஆள் எடுக்க வேண்டும், மாற்று வண்டி வாங்க வேண்டும். சென்னையில் 2024-ல் புதிய தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. வரவேற்கிறேன். இந்த ஊர்ப் பஸ்ஸில் மூன்று உயரப் படிகளை ஆயாக்கள் கைப்பிடித்துத் தொங்கி ஏறுவதைத்தான் இத்தனை நாளும் பார்த்தேன். புது வண்டி இங்கேயும் வர வேண்டும். அவர் மறுக்கவில்லை. "இதை என்னிடம் சொல்லி என்னம்மா பயன்? நீங்கள் எழுத வேண்டியது மேலே" என்றார். மனுவின் நகலில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பலகையில் எழுதும் ஏற்பாட்டை மட்டும் இன்றே தொடங்கச் சொல்கிறேன் என்று, எங்கள் எதிரிலேயே பேருந்து நிலையத்து நேரக் காப்பாளருக்குத் தொலைபேசியில் சொன்னார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் கைபேசியில் மணியைப் பார்த்தாள். கடைக்கு ஒரு மணி நேரம் தாமதம்; அரை நாள் கூலி பிடிப்பார்களாம். அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. முத்திரை குத்திய நகலை நான்கு பிரதி எடுத்து, ஒன்றை என்னிடம் கொடுத்தாள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். தெருவில் ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பூக்கட்டும் அந்தப் பெண்ணும் அதில் ஒருத்தி. காலை 6:40 பஸ்ஸில் கிளம்புகிறார்கள்.